இரண்டரை மணிக் கொடி

முன்னால் நாலு பேர் கைகோத்துக்கொண்டு நடந்தார்கள். அவிநாசி சாலை ஒன்றும் சந்து அல்ல, மற்ற நாளில் பஸ்ஸும் லாரியும் காரும் பக்கம் பக்கமாகப் போகிற சாலைதான். ஆனால் ஒரே நிற பனியனில், மார்பில் கம்பெனிப் பேரோடு நாலு பேர் கைகோத்து நடந்தால் எந்தச் சாலையும் சந்துதான். இருபத்தொரு கிலோமீட்டர் அரை மாரத்தான் தொடங்கி ஒரு கிலோமீட்டர்கூட ஆகவில்லை, அதற்குள் நடை. நடக்கிறவர்கள் பின்னால் நில்லுங்கள் என்று ஒலிபெருக்கியில் தொண்டை கிழியக் கத்தினார்கள். யார் கேட்டார்கள்? எவ்வளவு நேரத்தில் ஓடி முடிப்பீர்கள் என்று பதிவு செய்யும்போது கேட்டால், ஊரில் இருக்கிறவர்கள் எல்லாம் குதிரைக்குப் பிறந்தவர்கள் மாதிரி அளந்துவிடுகிறார்கள். முன் வரிசையில் இடம் கிடைத்ததும் செல்ஃபி எடுக்க நின்றுவிடுகிறார்கள். மகுடபதி இடப்பக்கம் ஒதுங்கினார். அங்கே ஒருவர் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார், நட்ட நடுவில், வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பவர் போல நிதானமாக. வலப்பக்கம் திரும்பினார். முதுகில் கம்பி ஆடியது. அவர் முதுகில் ஒரு பட்டை மாட்டியிருந்தது. அதிலிருந்து ஒரு மெல்லிய கம்பி தலைக்கு மேல் நீண்டு, அதில் மஞ்சள் துணி, துணியில் கொட்டை எழுத்தில் 2:30. பேசர் என்று பேர். இன்ன நேரத்தில் முடிப்பேன் என்று ஊரறிய முதுகில் எழுதிக்கொண்டு ஓடுகிற ஆள். இரண்டரை மணி நேரத்துக்குள் முடிக்க ஆசைப்படுகிறவர்கள் கணக்குப் பார்க்க வேண்டாம், கடிகாரம் பார்க்க வேண்டாம், அந்தக் கொடியை விட்டுவிடாமல் பின்னால் வந்தால் போதும். ஐந்து வருஷமாக மற்றவர்களின் கொடிக்குப் பின்னால் ஓடியவருக்கு இந்த வருஷம்தான் கொடி கிடைத்தது. மனைவி மல்லிகா காலையில் அதைப் பார்த்துவிட்டு, முதுகில் ஆண்டெனா வைத்த மாதிரி இருக்கிறது என்றாள். இருக்கட்டும். அவள் சொல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பின்னால் எட்டுப் பேர். திரும்பிப் பார்க்காமலே அவருக்குத் தெரிந்தது, காலடிச் சத்தத்தில். ஒருவருடைய மூச்சில் மட்டும் மெல்லிய விசில் இருந்தது. அது லூர்துசாமி, ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், மூச்சு வாங்கினால் மூக்கு பாடும். அவருக்குப் பக்கத்தில் சீராக, தரையை அதிகம் தொந்தரவு செய்யாமல் விழுகிற அடி கோகிலவாணியுடையது. மின்வாரிய அலுவலகத்தில் வேலை, நாற்பத்தாறு வயது, தொடங்குவதற்கு முன் கூட்டத்தில் முட்டி மோதிக்கொண்டு அவரைத் தேடி வந்தவள். "ஏனுங்ணா, நீங்கதான் ரெண்டரையுங்களா?" என்றாள். ஆமாம் என்றதும், "ரெண்டு வருசம் சும்மா ரெண்டு மூணு நிமிசத்துல போச்சுங்ணா. ரெண்டு தடவையும் இந்தக் கூட்டந்தான். முட்டி வேற தேஞ்சு போச்சு, தை மாசம் போயி ஆபரேசன். டாக்டர் இதோட ஓடறத விட்ரோணும்னு கறாரா சொல்லிட்டாருங்க. ஒரே ஒருக்கா உள்ள வந்துட்டா போதும், அப்பறம் முட்டிய அவரு என்ன வேணா பண்ணிக்கட்டும்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "எம் பின்னாடியே வாங்க, நான் கொண்டுபோய்ச் சேர்த்தறேன்" என்றார் மகுடபதி. ஏன் அப்படிச் சொன்னார்? முயற்சி பண்ணலாம் என்று சொல்லியிருக்கலாம். பார்க்கலாம் என்று சொல்லியிருக்கலாம். கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறேன் என்று பஸ் கண்டக்டர்கூடச் சொல்ல மாட்டான். ஆனால் சொன்னபோது நன்றாக இருந்தது. நாற்பத்தொன்பது வயதில் அவரிடம் யாரும் எதையும் நம்பி ஒப்படைத்ததாக ஞாபகம் இல்லை. பையன் எந்தக் காலேஜில் சேருவது என்பதை அவனும் அவன் மாமனும் முடிவு செய்துவிட்டு இவரிடம் கையெழுத்து மட்டும் கேட்டார்கள். இப்போது எட்டு ஜோடிக் கால்கள் இவர் திரும்பினால் திரும்புகின்றன, இவர் மெதுவானால் மெதுவாகின்றன. கூட்டத்துக்குள் புகுந்து புகுந்து வழி கண்டுபிடித்து, இடம் வலம் என்று வளைந்து, மேம்பாலத்துக்கு அடியில் தூண்களை ஒட்டி ஓடும்போது அவருக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. கையில் தூரம் அளக்கிற வாட்ச் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சரியாக டிக் என்று அதிர்ந்தது. சரியான வேகம். அவர் கையை உயர்த்தி, "கரெக்டா போறோம்" என்றார். பின்னால் யாரோ கைதட்டினார்கள்.

வாட்ச் அதிர்ந்த பிறகுதான் கிலோமீட்டர் பலகை வந்தது. முதல் பலகையை அவர் பார்க்கவே இல்லை, அதை ஒரு கும்பல் மறைத்துக்கொண்டு இரண்டு விரலைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. நாலாவது பலகையைப் பார்த்தபோது வாட்ச் அதிர்ந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. ஏழாவதில் இன்னும் கொஞ்சம் அதிகம். அவருக்கு அது உறுத்தியது, ஆனால் ஷூவுக்குள் புகுந்த மணல் மாதிரி, நின்று உதற வேண்டிய அளவுக்கு இல்லை. பலகை கட்டுகிறவர்கள் டேப்பா பிடித்து அளக்கிறார்கள்? எந்த இடத்தில் விளக்குக் கம்பம் கிடைக்கிறதோ அங்கே கட்டிவிட்டுப் போவார்கள், இது ஓடுகிற எல்லாருக்கும் தெரியும். இப்படி ஒரு சமாதானம். அடுத்த பலகையிலும் அதே சமாதானம். கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகப் பம்பு டெஸ்டிங்கில் இருக்கிறவர்; புதிதாக வருகிற பையன்களுக்கு முதல் நாள் அவர் சொல்கிற முதல் வார்த்தை, மீட்டர் சொல்றதை நம்பாதே, தொட்டியில் தண்ணியைப் பிடித்து அளந்து பாரு என்பதுதான். அதே ஆள் இங்கே கையில் கட்டிய மீட்டரை வேதவாக்காக நம்பிக்கொண்டு ஓடினார். கூட்டத்தில் இடமும் வலமுமாக வளைந்தால் கால் ஓடிய தூரம் ஏறும், சாலையின் தூரம் ஏறாது. மேம்பாலத்துக்கு அடியில் போனால் வாட்சுக்கு வானத்துச் செயற்கைக்கோளோடு தொடர்பு அறுந்து, அது பாட்டுக்கு ஒரு தூரத்தை ஊகித்துச் சொல்லும். இரண்டும் அவருக்குத் தெரியாததா? தெரியும். அடுத்தவர் கொடிக்குப் பின்னால் ஓடிய காலத்தில், அந்தப் பேசரின் கணக்கு தப்பு என்று ஓடிக்கொண்டே குறை சொன்னவர்தான் இவர். கொடி தன் முதுகுக்கு வந்ததும் அந்த அறிவு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

கோல்டுவின்ஸில் திரும்பி, ஊரை நோக்கி வந்தபோது, ஹோப் காலேஜ் சிக்னலில் சாலைக்குக் குறுக்கே சிவப்பு ரப்பர் பாய் கிடந்தது. மார்பில் குத்தியிருக்கும் எண் அட்டையில் இருக்கிற சில்லு அந்தப் பாய்க்கு மேல் போனதும் கீச் என்று கத்தும், இன்னார் இன்ன நேரத்தில் இங்கே இருந்தார் என்று பதிவாகும். பாயை யாரும் கம்பம் பார்த்துப் போடுவதில்லை. அது சரியாகப் பதின்மூன்றாவது கிலோமீட்டரில்தான் இருக்கும். மகுடபதியின் கால் அதில் பட்டது, கீச் என்றது, அவர் கையைத் தூக்கி வாட்சைப் பார்த்தார். பதின்மூன்றும் அதற்கு மேல் முந்நூறு மீட்டரும் என்றது வாட்ச். முந்நூறு மீட்டர். அவர் வேகத்துக்கு முந்நூறு மீட்டர் என்றால் இரண்டு நிமிஷம். இரண்டு நிமிஷம் பின்னால் இருக்கிறார்கள். கரெக்டா போறோம் என்று ஏழு தரமோ எட்டுத் தரமோ சொன்ன ஒவ்வொரு தரமும் கரெக்டாகப் போகவில்லை. பின்னால் கீச் கீச் கீச் என்று அவருடைய ஆட்கள் ஒவ்வொருவராகப் பாயைத் தாண்டினார்கள். எட்டு. லூர்துசாமியின் மூக்கு பாடிக்கொண்டிருந்தது. "கரெக்டுங்களாண்ணா?" என்றாள் கோகிலவாணி. அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், ஓடும்போது தலை ஆடத்தான் செய்யும் என்றும் எடுத்துக்கொள்ளலாம் என்கிற மாதிரி ஓர் ஆட்டல்.

சொல்லிவிட வேண்டும். இன்னும் எட்டு கிலோமீட்டர் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் கால் நிமிஷம் கூட்டி ஓடினால் இரண்டு நிமிஷமும் ஈடாகிவிடும், இவளால் முடியும், அடி அவ்வளவு லேசாக விழுகிறது, மற்றவர்களில் இரண்டு பேரால் முடியும், லூர்துசாமியால் முடியாது. சொல்லிவிட்டால் முடிகிறவர்கள் போய்க்கொள்வார்கள். சொல்லு. இந்த பஸ் ஸ்டாப் தாண்டியதும் சொல்லலாம், இங்கே மேளம் அடிக்கிறார்கள், கேட்காது. பஸ் ஸ்டாப்பில் நாலு காலேஜ் பிள்ளைகள் பறை அடித்து, வாங்க வாங்க என்று கத்தினார்கள், ஒரு பெண் கொடியைப் பார்த்துவிட்டு, "ரெண்டரை, சூப்பர்ணா!" என்றாள். மகுடபதி அவளைப் பார்த்துக் கையை ஆட்டினார். ஏன் ஆட்டினார்? கை தானாகவே போயிற்று. மேளம் பின்னால் போய்விட்டது. இப்போது சொல்லு. வாயைத் திறந்தார், காற்று வந்தது, வார்த்தை வரவில்லை. முதலில் சத்தமில்லாமல் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிப் பார்ப்போம், யாருக்கும் தெரியாமல் ஈடுகட்டிவிட்டால் சொல்லவே வேண்டாமே, அது அவர்களுக்கும் நல்லதுதானே, மனசு தளராமல் ஓடுவார்கள். கூட்டினார். நூறு அடி போவதற்குள் பின்னால் சத்தம் கலைந்தது, விசில் அறுந்து அறுந்து வந்தது, யாரோ "கொஞ்சம் மெதுவாங்க" என்றார்கள். பழைய வேகத்துக்கே வந்தார். திருடன் வாசல் வரை போய்த் திரும்பின கதை. பொள்ளாச்சிக் கல்யாணத்துக்கு வேன் ஓட்டிய டிரைவரின் ஞாபகம் வந்தது. வேன் நிறைய சொந்தக்காரர்கள். திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல், உடுமலை வரும்வரைக்கும் ஓட்டிக்கொண்டே போனான் அவன். முகூர்த்தம் முடிந்து பந்தியில் மோர் ஊற்றுகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தப்புன்னு எப்பய்யா தெரிஞ்சுது என்று மகுடபதிதான் அவனைப் பிடித்து உலுக்கினார். பொள்ளாச்சி தாண்டினப்பவேங்க என்றான். தெரிஞ்சப்பவே சொல்றதுக்கு என்னய்யா, வாயில கொழுக்கட்டையா என்று கேட்டார். அவன் கழுத்துத் துண்டை எடுத்து ஸ்டியரிங்கைத் துடைத்தான். அன்றைக்கு அவனை ஒரு ஜென்மம் என்றே அவர் மதிக்கவில்லை. இப்போது அவன் பின்னங்கழுத்து தெரிகிறது, வேர்வை வழிந்து காலர் நனைந்திருந்தது தெரிகிறது. வேனில் அவன் பின்னால் பதினாறு பேர் சிரித்துப் பேசிக்கொண்டு வருகிறார்கள், மைல்கல் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போகிறது, ஒவ்வொன்றும் சொல்வதை இன்னும் கஷ்டமாக்குகிறது, ஏனென்றால் இப்போது சொன்னால் வழி தவறியதை மட்டுமல்ல, இவ்வளவு நேரம் சொல்லாததையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும். தண்ணீர் மேசையில் சொல்லலாம். தண்ணீர் மேசை வந்தது, காகிதக் கோப்பைகள் சதக் சதக் என்று காலில் மிதிபட்டன, ஒருவர் மேசைக்கு முன்னாலேயே நின்று சாவகாசமாகக் குடித்தார், அவரைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. கோகிலவாணி ஒரு கோப்பையை எடுத்துப் பாதியைக் குடித்துவிட்டு மீதியை அவரிடம் நீட்டினாள். "குடிங்ணா. நீங்க கொடியும் சுமக்கறீங்க." அவர் வாங்கிக் குடித்தார். பீளமேடு போயிற்று. அவருக்குப் பயமாக இருந்தது. எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது; தோற்பதற்கு அல்ல, அவர் எத்தனையோ தரம் தோற்றிருக்கிறார், தோல்வி பழகின செருப்பு. இந்த எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் தன்னை நிமிர்ந்து பார்க்கப்போகிற அந்த ஒரு கணத்துக்குத்தான் பயம்.

பதினைந்தாவது பலகைக்கு அப்பால் சாலை முழுக்க மனிதத் தலை. பத்து கிலோமீட்டர்க்காரர்களும் குடும்பத்தோடு வந்த ஐந்து கிலோமீட்டர்க்காரர்களும் அங்கேதான் வந்து கலக்கிறார்கள். குழந்தையைத் தோளில் வைத்தவர்கள், ஐஸ் குச்சி சப்புகிறவர்கள், தள்ளுவண்டி, பலூன். அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும்தான் வாய் திறந்தது. அதற்குக் காரணம் தைரியம் இல்லை. இதற்குள் போய்விட்டால் அப்புறம் யாரிடமும் எதுவும் சொல்ல முடியாது, அவ்வளவுதான். "ஒரு நிமிசம் கேளுங்க. கணக்குத் தப்பாயிருச்சு. ரெண்டு நிமிசம் பின்னாடி இருக்கறோம். முடியறவங்க முன்னாடி போயிருங்க. என்னைப் பாக்காதீங்க, போங்க." ஒரு பையன் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு விலகி ஓடினான். இன்னொருவர் அவன் பின்னாலேயே போனார். கோகிலவாணி மட்டும் பக்கத்தில் வந்து, "ரெண்டா, ரெண்டுக்கு மேலயா?" என்றாள். "ரெண்டு." "இன்னி ஆறு இருக்குதுங்களா?" "ஆறு." "சரிங்ணா" என்றாள். கோபப்படக்கூட அவளுக்கு நேரம் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு, இரண்டு தள்ளுவண்டிகளுக்கு நடுவில் உடம்பைக் குறுக்கிப் புகுந்தாள். அவளுடைய நீல பனியன், அதற்குப் பக்கத்தில் இன்னொரு நீல பனியன், எது அவள் என்று தெரியாமல் போயிற்று. மகுடபதி பட்டையைக் கழற்றினார். நேரம் தவறிய கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது, வேறு யாராவது அதை நம்பிவிடுவார்கள். பேசர்களுக்குள் அப்படி ஒரு முறை உண்டு. கம்பியை மடக்கித் துணியைச் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். லூர்துசாமியும் இன்னும் நாலு பேரும் கூடவே வந்தார்கள். மனசு மட்டும் முன்னால் போன நீல பனியனோடு ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குழந்தையைத் தாண்டியிருப்பாளா, இந்த லட்சுமி மில்ஸ் சிக்னலில் போலீஸ்காரர் கயிறு கட்டி நிறுத்தியிருப்பாரா, வழி விடுங்க வழி விடுங்க என்று கத்தத் தெரியுமா அவளுக்கு, சாதுவான குரல். கால் நிமிஷம், கால் நிமிஷம், கால் நிமிஷம். அவர் மனசுக்குள் கூட்டிக்கொண்டே போனார். எப்படிக் கூட்டினாலும் ஆறு கால் ஒன்றரைதான். எட்டு கால்தான் இரண்டு.

ஓட்டம் முடிகிற மைதானத்தில் பாக்கு மட்டைத் தட்டில் பொங்கலும் ஒரு வடையும் கொடுத்தார்கள். மகுடபதி வரிசையில் நின்று வாங்கி, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தபோது கோகிலவாணி வந்தாள். முகமெல்லாம் உப்புப் பூத்திருந்தது, இடது காலைக் கொஞ்சம் இழுத்தாள், கழுத்தில் பதக்கம். அவர் கேட்பதற்கு முன்னால் அவளே சொன்னாள். "அரை நிமிசமுங்ணா. ரெண்டரைக்கு மேல சும்மா ஒரு அரை நிமிசம். கடைசில சிக்னல்ல என்னென்னவோ பண்ணிப் பாத்தேன், முட்டி கேக்கல." கண் கலங்கியிருந்தது, அதைத் துடைக்கவும் இல்லை மறைக்கவும் இல்லை. பிறகு, "ஆனா ஒண்ணுங்ணா. தப்புன்னு தெரிஞ்ச ஒடனே சொன்னீங்க பாருங்க, அதுக்கெல்லாம் மனசு வேணும். வேற ஆளா இருந்தா கமுக்கமா கடைசி வரைக்கும் கூட்டிட்டு வந்திருப்பான்" என்றாள். மகுடபதி தட்டைப் பார்த்தார். பொங்கலில் ஒரு முந்திரி இருந்தது. இப்படியே விட்டுவிடலாம். இவளை இனி எந்தப் பந்தயத்திலும் பார்க்கப்போவதில்லை. நல்ல மனுஷன் என்று ஒருத்தி நினைத்துக்கொண்டு போகட்டுமே, அதனால் யாருக்கு என்ன நஷ்டம், அவளுக்கும் ஆறுதல்தானே. அவர் அதை நினைத்து முடிப்பதற்குள்ளேயே அந்த நினைப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டது; ஹோப் காலேஜ் சிக்னலில் இருந்து பீளமேடு வரைக்கும் மனசுக்குள் பேசின அதே குரல். "ஹோப் காலேஜ்லயே தெரியுமுங்க" என்றார்.

"எதுங்க?"

"லேட்டுன்னு. அந்தப் பாயை மிதிக்கறப்பவே தெரிஞ்சிருச்சு. ரெண்டு கிலோமீட்டர் சொல்லாம ஓடியாந்தேன்."

கோகிலவாணி அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு பார்வை அவரை விட்டு இறங்கித் தரைக்குப் போயிற்று, உதடுகள் லேசாக அசைந்தன. ஓடுகிறவர்கள் எல்லாரும் செய்கிற கணக்குத்தான். அவள் அதைச் செய்து முடிக்கிற வரைக்கும் அவர் காத்திருந்தார். "எட்டு இருந்திருக்குமே அப்ப" என்றாள். "வந்திருப்பேன்."

"வந்திருப்பீங்க."

அவள் காலை இழுத்துக்கொண்டு, ஒரு மரத்தடியில் நின்றிருந்த தன் கணவரிடம் போனாள். லூர்துசாமியும் மற்றவர்களும் அங்கேதான் இருந்தார்கள், ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும், வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். கணவர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பேசர் சார், நீங்க இல்லாமயா? வாங்க வாங்க" என்று கூப்பிட்டார். மகுடபதி தட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி எடுத்து வைத்தார். "அவரு வேண்டாம்" என்றாள் கோகிலவாணி. சத்தமாகச் சொல்லவில்லை. கணவருக்குப் புரியவில்லை, அவளையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். லூர்துசாமி பதக்கத்தைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கினார். மகுடபதிக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது, அழுகை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை. "குடுங்க, நான் எடுக்கறனுங்க. நீங்களும் போயி நில்லுங்க" என்று கைப்பேசியை வாங்கிக்கொண்டார். கணவர் போய் அவள் பக்கத்தில் நின்றார். திரையின் ஓரத்தில் ஒருவருடைய தோள் வெட்டுப்பட்டது. மகுடபதி ஒரு அடி பின்னால் போனார், இன்னும் ஒரு அடி. "கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்றார். நெருங்கி நின்றார்கள். கோகிலவாணி நேராகப் பார்த்துச் சிரித்தாள், படத்துக்குச் சிரிக்கிற சிரிப்பு. யாராவது கண்ணை மூடியிருக்கக் கூடும் என்று அவர் மூன்று படங்கள் எடுத்தார்.